பெயருக்கு மேலே விட்ட இடம்

தம்பி,

திங்கட்கிழமை நீ போட்டுக்கொண்டு போக வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து பீரோக் கைப்பிடியில் மாட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தை அதன் பையில் வைக்கப்போகிறேன். சென்னைப் பயிற்சியை முடித்துக்கொண்டு ஞாயிறு சாயங்காலம் நீ வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சட்டையை எடுக்கும்போது இது உன் கையில் தட்டுப்படும். நேரிலேயே சொல்லேன் என்றார் உன் அப்பா. நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா எழுதுவது வாழ்த்தாக இருக்க வேண்டும். இது வாழ்த்து இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக நீ உட்காரும் முதல் வாரத்திலேயே ஒரு கோப்பு உன் மேசைக்கு வரும். நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் கோப்பு. அதில் நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதே தொட்டிக்காக இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் எழுதிய எழுத்தைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ இல்லாத இந்த மூன்று மாதத்தில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. போனில் நீ கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன். ஆனால் தொட்டி உனக்குத் தெரியும். அதன் நிழலில்தான் நீ நடக்கக் கற்றுக்கொண்டாய். அங்கன்வாடிக் கட்டடம் அதன் தூண்களிலிருந்து பத்தடி தள்ளி இருக்கிறது. நீ படித்தபோது இருந்த அதே கட்டடம், அதே பச்சைக் கதவு. இப்போது அங்கே ஆரோக்கியமேரி டீச்சராக இருக்கிறாள், என்னோடு பத்தாவது வரை படித்தாளே, அவள்தான். தினமும் காலையில் குழந்தைகள் வருவதற்கு முன் வாசலைப் பெருக்கும்போது தொட்டியிலிருந்து உதிர்ந்த சிமென்ட் துண்டுகள் கிடைக்குமாம். முதலில் முறத்தோடு அள்ளிக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். பிறகு என்ன தோன்றியதோ, ஒரு காலி பெயின்ட் வாளியில் போட்டு வைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அந்த வாளியைத் தூக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் தூக்க முடியவில்லை. குழந்தைகள் அதிலிருந்து துண்டுகளை எடுத்து சிலேட்டில் கோடு கிழித்து விளையாடியிருக்கிறார்கள், சாக்பீஸ் மாதிரி நன்றாக எழுதுகிறது என்று. அதைச் சொல்லும்போது மேரி சிரிக்கவில்லை.

எதையும் படிக்காமல் விடமாட்டேன் என்று நீ என்னைக் கிண்டல் செய்வாய். போண்டா மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு விரித்துப் படிப்பவள்தானே நான். அப்படித்தான் தொட்டியடியில் நட்டிருந்த புதுப் பலகையைப் படித்தேன். பழுதுபார்க்கும் பணி என்றும், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி என்றும் இருந்தது. மதிப்பீடு என்று எழுதி அதற்கு எதிரே ஒரு தொகையும் இருந்தது. நம் தெரு முழுவதையும் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம் போன்ற தொகை. நான்கு நாள் இரண்டு பேர் வந்து தொட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். தூண்களில் இருந்த விரிசலின் மேலேயும் அதே பெயின்ட். நான் அந்தத் தொகையைச் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் சொன்ன மறு வாரம் போய்ப் பார்த்தால், பலகையில் மதிப்பீடு என்ற சொல் மட்டும் இருந்தது. எதிரே இருந்த தொகையின் மேல் நீலம். மற்ற எழுத்துகள் அப்படியே இருந்தன. நான் பேசியது யார் காதுக்கோ போயிருக்கிறது, அந்த யாரோ ஒரு பிரஷ்ஷோடு வந்து போயிருக்கிறார்.

அந்த விரிசலின் நுனியில் நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். கதவு நிலையில் உன் உயரத்தைக் குறிப்போமே, அந்த மாதிரி. பன்னிரண்டு நாளில் விரிசல் என் கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு போட்டேன். இப்போது அந்தத் தூணில் ஐந்து கோடுகள் இருக்கின்றன. நீ வளர்ந்தபோது ஒவ்வொரு கோட்டுக்கும் சந்தோஷப்பட்டேன் என்பது ஒவ்வொரு முறையும் ஞாபகம் வருகிறது.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குக் குழுவிலிருந்து பதினோரு பேர் போனோம். செலவுப் பட்டியலை, எந்த வேலைக்கு எவ்வளவு என்று, ஊரில் ஒட்ட வேண்டும் என்பதுதான் மனு. முதல் தடவை அவர் இல்லை. இரண்டாவது தடவை டீ கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது தடவை அவரே வெளியே வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "எம்மா, நான் உங்க வூட்டுப் புள்ள. வூட்டுப் புள்ளகிட்ட யாராச்சும் பில்லு கேப்பாங்களா?" என்றார். நம் கன்னியம்மா அக்காவை உனக்குத் தெரியுமே, வாயை மூடிக்கொண்டு இருக்கவே மாட்டாள். "எங்க வூட்டுப் புள்ளய கடைக்கு அனுப்பினா மிச்சச் சில்லறைய எண்ணித்தான் சார் வாங்குவோம்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். அவருடைய உதவியாளர், பி.ஏ. சார் என்பார்களே, அவர்தான் தொட்டி இப்போது புதுசு மாதிரி இருக்கிறதே என்றார். கன்னியம்மா விடவில்லை. "பெயின்ட் அடிச்சா பழுது போயிடும்னா எம் முட்டிக்கும் ரெண்டு கோட்டு அடிச்சி வுடுங்க சார், ஒரு வருசமா மடக்க முடியல" என்றாள். இந்தத் தடவை அந்த உதவியாளர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த எங்கள் மனுவைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் இருந்த பதினோரு கையெழுத்தையும் ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தார். பிறகு, மனுவை எழுதினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். எழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

பிறகுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவளுக்கு அந்த மனு எழுதத் தெரியாமல் இருக்குமா? எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொட்டி கட்டியதிலிருந்து இன்று வரை அதற்கான எல்லா ஆவணத்தின் நகலும் வேண்டும் என்று கேட்டேன். கட்டு வந்தது. பழுதுபார்த்த செலவுப் பட்டியல் அதில் இல்லை. பணி இன்னும் நடப்பில் இருப்பதால் தர இயலாது என்று ஒரு வரி. ஆனால் தொட்டி கட்டிய காலத்து கிராம சபைத் தீர்மானத்தை, ஒரு புள்ளி மங்காமல், தெளிவாக நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார்கள். முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த 'ழ'வின் வால், அந்த 'ண'வின் மூன்று சுழி. என் எழுத்து, தம்பி.

இதை உன் அப்பாவிடம்கூட நான் கல்யாணமாகி இத்தனை வருடமாகச் சொன்னதில்லை. அப்போது நான் பதினொன்றாவது படித்தேன். மாவட்ட அளவில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தேன். நம் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் நான்தான், அந்தப் பெருமையில் தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்தேன். என் அப்பா, நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அந்தத் தொட்டி வேலையில் குழி வெட்டப் போயிருந்தார். ஒருநாள் வேலையிலிருந்து வந்து கை கழுவியபடியே, "ஆளு உள்ள நின்னா தல தெரியக்கூடாதுன்னாரு மேஸ்திரி. நான் நின்னா எனக்கு முட்டிதான் மறையுது. அதுக்குள்ள ஜல்லி கொட்டச் சொல்லிட்டாங்க" என்று சொன்னார். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் 'உம்' கொட்டினேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, தம்பி. விழவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

தொட்டி முடிந்ததும் கிராம சபை நடந்தது. அதில் எழுந்து இதைச் சொல்ல வேண்டும் என்று நைனா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். கூட்டத்தின் வழக்கம் உனக்குத் தெரியும், இன்றைக்கும் அதுதான். உள்ளே நுழையும்போதே நோட்டை நீட்டுவார்கள். வந்ததற்கு ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு. அந்த நோட்டில் பெயர்களுக்கு மேலே அரைப் பக்கம் வெறுமையாக இருக்கும். நைனா கட்டைவிரலை உருட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். தலைவர் வந்தார், வணக்கம் சொன்னார், அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று எழுந்தார். கூட்டம் முடிந்தது. நைனா எழுந்து நிற்பதற்குள் நாற்காலிகளை மடக்கிவிட்டார்கள்.

மறுநாள் ஊராட்சி எழுத்தர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேலதிகாரி பார்க்க வருகிறார், தீர்மானத்தை நல்ல எழுத்தில் எழுத வேண்டும் என்றார். "எடம் கொஞ்சமாத்தான் இருக்குதும்மா, எழுத்த பொடிசா எழுது" என்று சொல்லிவிட்டுச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஊர் மக்கள் முன்னிலையில் அடித்தளக் குழிகள் அளக்கப்பட்டன, ஆழம் சரியாக உள்ளது, பணி திருப்தி என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இதுதான். அவர் சொன்ன 'ஏகமனதாக' என்பதற்குப் பதில் 'ஒருமனதாக' என்று போடலாமே என்று நான் யோசனை சொன்னேன். அவர் சபாஷ் என்றார். என் எழுத்து மேலேயிருந்து இறங்கி வந்து கடைசி வரி சரியாக முதல் பெயரின் தலையைத் தொட்டது. அவ்வளவு அளவாக எழுதியதற்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரிசாக அவர் ஒரு அகராதி கொடுத்தார். ஆமாம், அதே அகராதிதான். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது, அட்டை கிழிந்து நான் காலண்டர் தாளில் அட்டை போட்டது, இப்போது டிவிக்குப் பக்கத்தில் இருப்பது.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் அகராதியைக் காட்டினேன். என்னம்மா எழுதினாய் என்று கேட்டார். எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடமாக இருந்தது, மேடையில் ஒப்பிப்பதுபோல முழுவதும் சொன்னேன். 'ஆழம் சரியாக உள்ளது' என்ற இடத்தில்கூட என் நாக்கு தடுக்கவில்லை. அவர் கேட்டு முடித்துத் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு, "அதுக்குக் கீழ எங் கையும் கீதா?" என்றார். இருக்குது நைனா என்றேன். "சரி. எழுத்து நல்லா கீதுன்னாங்களா?" என்றார். நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று சொன்னேன். "அது போதும்மா" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எந்தக் காகிதத்திலும் கை வைக்கவில்லை. முதியோர் உதவித்தொகைப் படிவத்தை நான்கு தடவை நிரப்பிக்கொண்டு போய் நீட்டியிருக்கிறேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார். உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மூன்றாம் வகுப்பில் ரேங்க் கார்டை எடுத்துக்கொண்டு தாத்தாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அழுதாய். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒங்கம்மாகிட்ட குடு, அவ நல்லா எழுதுவா" என்றார். நீ அதை நினைத்து நினைத்துச் சிரிப்பாய். நான் அன்றைக்கு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். பிறகு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சாயங்காலத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேனே, அதற்கு என்னைப் பாராட்டி ஒரு சால்வைகூடப் போட்டார்கள். நான் சேவை செய்யவில்லை, தம்பி. என் அப்பாவின் விரலைத்தான் விரித்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு தப்புச் செய்தேன். பெயரை எப்படி எழுதுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேனே தவிர, பெயருக்கு மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லித்தரவில்லை.

உன்னை ஒருமுறை திருமுக்கூடலுக்குக் கூட்டிப்போனேன். உனக்குப் பத்து வயது. மூன்று ஆறும் சேருகிற இடத்தில் தண்ணீர் இல்லாத மணலைப் பார்த்து நீ ஏமாந்துபோனாய். கோயில் சுவரில் இருந்த கல்வெட்டைக் காட்டி, அந்தக் காலத்திலேயே இங்கே ஆஸ்பத்திரி இருந்தது, வைத்தியருக்கு எவ்வளவு நெல், மருந்துக்கு எவ்வளவு, படிக்கிற பிள்ளைகள் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள் பார் என்று பெரிய டீச்சர் மாதிரி சொன்னேன். நீ கல்லைத் தடவிக்கொண்டே, "அவங்களும் பொய்யா எழுதியிருந்தாம்மா?" என்று கேட்டாய். நான் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்தக் கடிதம். எழுதி வைப்பது மட்டும் போதாது, எழுதினதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குழியில் யாராவது ஒருவர் இறங்கி நின்று பார்க்க வேண்டும். நைனா இறங்கி நின்றார். அவர் பார்த்ததை நான் அழித்து எழுதினேன்.

நகல் வந்த மூன்றாம் நாள் எம்.எல்.ஏ.வின் அந்த உதவியாளர் கடைக்கு வந்தார். கூட்டம் இல்லாத மத்தியான நேரம். ஒரு தாளை நீட்டி, ஒரு காப்பி எடுக்கச் சொன்னார். அதே தீர்மானம். மெஷினில் வைத்து மூடியை மூடும்வரை அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முத்து முத்தா கீதுக்கா எழுத்து. இப்பல்லாம் யாரு இப்பிடி எழுதறாங்க?" என்றார். நான் இரண்டு ரூபாய் என்றேன். சில்லறையை வைத்துவிட்டு, "தம்பிக்கு வேல வந்துடுச்சாமே. நம்ம ஒன்றியத்துலயே போட்டுட்டாங்களாம். மொத கையெழுத்து நல்ல கையெழுத்தா அமையணும்கா" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, காப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். உனக்கு வேலை உத்தரவு வந்திருக்கிறது என்று அப்போது நமக்கே தெரியாது. அது சென்னையில் உன் கைக்குக் கிடைத்தது நான்கு நாள் கழித்து.

அந்த உத்தரவு வந்த அன்று வீட்டுக்கு முதலில் வந்த இனிப்புப் பெட்டி அவரிடமிருந்துதான். கூடவே ஒரு பட்டு வேட்டி. பெட்டியைத் திறக்காமல், குழந்தைகளுக்குக் கொடு என்று மேரியிடம் நீட்டினேன், அவளும் வாங்க மாட்டேன் என்றாள். கடைசியில் கன்னியம்மா அக்கா வேட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் கடை முதலாளி, நீ கொஞ்ச நாள் வர வேண்டாம்மா என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதே வாரத்தில் உன் அப்பாவின் தறிக்கு, அடுத்த சேலை நெய்ய வர வேண்டிய பாவு நூல் வரவில்லை. கேட்டால் நூல் இல்லையாம். எதிர் வீட்டுத் தறிக்கு நூல் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சம்பந்தம் இருக்கிறதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. எல்லாம் தனித்தனியாக, சிரித்துக்கொண்டே நடக்கின்றன.

இப்போது கோப்பு விஷயத்துக்கு வருகிறேன். பழுதுபார்த்த வேலைக்குப் பணம் முழுவதும் போய்ச் சேர வேண்டுமானால், தூண்களைப் பலப்படுத்தியதாக அளவுப் புத்தகத்தில் எழுதி ஓவர்சியர் கையெழுத்துப் போட வேண்டுமாம். உனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதாமல் மெடிக்கல் லீவில் போய்விட்டார். அவர் வீட்டுக்கு நான் போனேன். நன்றாகத்தான் இருந்தார். தண்ணீர் கொடுத்தார். தொட்டி என்று நான் ஆரம்பித்ததும் அவர் மனைவி எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். "எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்றார் அவர். அந்த நாற்காலிக்குத்தான் நீ போகிறாய். புதுப் பையன், நம் ஊர்ப் பையன், அம்மாவின் பழைய எழுத்து கையில் இருக்கிறது. உன்னை இந்த ஒன்றியத்திலேயே போட்டார்கள் என்று நாம் அன்றைக்குச் சந்தோஷப்பட்டோமே, அது இந்தக் கையெழுத்துக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

குழந்தைகளை வேறு இடத்தில் உட்காரவைக்கலாமே என்று நீ நினைப்பாய். மேரி முயன்றாள். சர்ச் ஹாலைத் திறந்துவிட்டார்கள். ஆனால் தினமும் காலையில் குழந்தைகளை அங்கன்வாடிக் கட்டடத்தின் முன் நிறுத்தி, போனில் போட்டோ எடுத்து, எந்த இடத்தில் எடுத்தது என்பதோடு அனுப்ப வேண்டும். வேறு இடத்தில் எடுத்தால் வருகை ஏறாது, சத்துணவு வராது. அதனால் தினமும் ஒன்பதரைக்குப் பதினெட்டுக் குழந்தைகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து தொட்டியின் அடியில் நிறுத்தி, போட்டோ எடுத்ததும் கோழி குஞ்சுகளை ஓட்டுவதுபோல் சர்ச்சுக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த இரண்டு நிமிடமும் அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் பாதி போட்டோவில் குழந்தைகளும் மேலே பார்க்கிறார்கள். நான் அந்தப் போட்டோக்களைப் பார்த்தேன். மேல்அதிகாரிகளும் தினமும் பார்க்கிறார்கள். பதினெட்டுக் குழந்தை ஏன் வானத்தைப் பார்க்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், கிராம சபை. நான் எழுந்து அந்தத் தீர்மானத்தை வாசித்து, இது நான் எழுதியது, இதில் இருப்பது பொய், இதன் கீழே இருக்கும் விரல் என் அப்பாவுடையது, அவர் சொல்ல வந்தது வேறு என்று சொல்லப்போகிறேன். இப்போதைய செலவுப் பட்டியலை அந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும் என்று கேட்கப்போகிறோம். அவர்கள் கையில் இருக்கும் காகிதத்துக்குப் பலம் நான் அதை மறைக்கும் வரைதான். அதனால் இந்தக் கடிதத்தையும் நான் மறைக்கவில்லை. எழுதி முடித்ததும் முப்பது பிரதி எடுக்கப்போகிறேன். நான் வேலை செய்த கடையில் இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில், காசு கொடுத்து. ஒன்றை அங்கன்வாடிக் கதவில் ஒட்டுவேன். ஒன்றை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குவேன். மற்றவை குழுப் பெண்களுக்கு. முதல் பிரதி உன் சட்டைப் பையில் இருப்பது. மற்றவர்கள் படிப்பதற்கு முன் நீ படிக்க வேண்டும், அது மட்டும்தான் உனக்கு நான் கொடுக்கிற சலுகை.

இதனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன். இது தப்பு என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன். உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவர் வெறும் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும், "இழை அறுந்தது தெரியாம முழம் கணக்கா நெய்ஞ்சிட்டா, அறுந்த எடம் வரைக்கும் பிரிச்சிக்கினு போயித்தான் முடி போடணும். வேற வழி கெடையாது" என்றார். பிரித்தால் பட்டு வீணாகுமே என்றேன். "ஆவும்" என்றார். என்னைத் திட்டுவார் என்று பயந்திருந்தேன். அவர் எழுந்து போய் அகராதியை எடுத்து, அட்டையில் இருந்த தூசியை வேட்டியில் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

உன்னைத் தைரியமாக இரு என்று நான் சொல்லவில்லை. நானே தைரியமாக இல்லை. வாசலில் பைக் நின்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான், அது உன் வேலை. கோப்பு வந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதே. டேப்பை எடுத்துக்கொண்டு வந்து தூணின் அடியில் தோண்டச் சொல். உன் தாத்தா நின்ற இடத்தில் இறங்கி நில். முட்டி வரை மறைந்தால் முட்டி என்று எழுது, தலை வரை மறைந்தால் தலை என்று எழுது. நான் சொன்னதற்காக எதையும் எழுதாதே, நான் ஒருமுறை தப்பாக எழுதியவள். கூட்டாமல் குறைக்காமல் நீ பார்த்ததை எழுது, அதன் கீழே பெயரைப் போடு.

எங்கள் குழுப் பெண்களுக்குப் போன வாரம் மறுபடியும் ஒரு சாயங்கால வகுப்பு எடுத்தேன். பத்து வருடம் கழித்து. இந்தத் தடவை கற்றுக்கொடுத்தது பெயர் எழுத அல்ல. பெயருக்கு மேலே இருக்கும் வெற்று இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுப்பதற்கு. வெள்ளிக்கிழமை நுழைவாசலில் நோட்டை நீட்டுவார்கள். முதல் ஆளாக நான் கோடு இழுத்துவிட்டுப் பெயர் எழுதுவேன், பின்னால் கன்னியம்மா அக்கா, அதற்குப் பின்னால் மேரி. நீ அதிகாரிகளோடு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய். நான் பேசும்போது நீ என்னைப் பார்க்க வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இன்று காலை விழுந்த துண்டு வாளிக்குள் போகவில்லை என்று மேரி சொல்லி அனுப்பினாள். அவ்வளவு பெரியது. குழந்தைகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் விழுந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். துண்டு ஒரு பக்கம் நீலமாக இருந்தது, உடைந்த மறுபக்கத்தில் துருப்பிடித்த கம்பியின் தடம். அதை அப்படியே விழுந்த இடத்தில் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து அளப்பாய் என்று.

கீழே என் கையெழுத்து இருக்கிறது. கடைசி வரிக்கும் அதற்கும் நடுவில் இடம் இருந்தது. கோடு இழுத்துவிட்டேன்.

அம்மா